கன உலோகங்களின் உயிரணு நச்சியல்பும் லிம்ஃபோமாவின் மூலக்கூற்று நோயறிதலும்: கந்தகப் பிணைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பாதரசம், காட்மியம், ஆர்சனிக் முதலிய தனிமங்கள் புரதங்களின் கந்தகத் தொகுதிகளோடு வலுவாகப் பிணைகின்றன. உயிரணுவில் அவை விளைவிக்கும் கேடுகளுள் பலவற்றிற்கு இதுவே அடிப்படை. இதே வேதியியல் பண்பினைக் கொண்டுதான் நோயியல் ஆய்வகங்கள் நிணநீர்க் கணுத் திசுவைப் பாதரச உப்புகளால் நிலைப்படுத்திப் பல பத்தாண்டுகள் லிம்ஃபோமாவைக் கண்டறிந்தன. மூலக்கூற்று முறைகள் வந்தபின், அவ்வாறு காக்கப்பட்ட திசுக்களின் டி.என்.ஏ. பயன்படா நிலையில் இருப்பது தெரியவந்தது. கன உலோகங்கள் உயிரணுவிற்குள் செயற்படும் முறையையும், லிம்ஃபோமா நோயறிதலில் டி.என்.ஏ.வின் தரம் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஒருங்கே விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கன உலோகங்கள், தயோல் தொகுதி, மெட்டலோதயோனின், லிம்ஃபோமா, குளோன் தன்மை, பாலிமரேஸ் தொடர்வினை, திசு நிலைப்படுத்தி

முன்னுரை

கன உலோகம் என்னும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டதெனினும் அதற்கு ஒருமித்த வரையறை இல்லை. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2002-இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையொன்று, இது பொருளற்ற சொல்லா என்னும் வினாவையே தன் தலைப்பில் கொண்டிருந்தது. அடர்த்தியைக் கொண்டு வகுப்போரும் உண்டு. அணு எண்ணைக் கொண்டு வகுப்போரும் உண்டு. ஆர்சனிக் உலோகமே அன்று, உலோகப் போலி. இருப்பினும் அது இப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. அடர்த்தியோ அணு எண்ணோ நச்சுத்தன்மையைத் தீர்மானிப்பதில்லை. எந்த அணுவோடு பிணைய ஒரு தனிமம் விழைகிறது என்பதே உயிரணுவைப் பொறுத்தவரை முதன்மையான வினா.

தமிழ்ச் சூழலில் கன உலோகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுற்றுச்சூழல் மாசிலிருந்தே தொடங்குகிறது. இராணிப்பேட்டையின் குரோமியக் கழிவும், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசமும் அதற்குப் போதிய காரணங்கள். மற்றொருபுறம், லிம்ஃபோமாவின் மூலக்கூற்று நோயறிதல் என்பது புற்றுநோயியல் துறையினரின் தனிப்பொருளாகவே எழுதப்பட்டு வருகிறது. இவ்விரண்டையும் இணைக்க முற்படும் எழுத்துகள், கன உலோகங்கள் லிம்ஃபோமாவை உண்டாக்குகின்றன என்ற ஒற்றை வாக்கியத்தோடு அமைந்துவிடுவதுண்டு. அவ்வாக்கியத்திற்குள்ள சான்று வலிமையற்றது. இரு துறைகளுக்கும் இடையிலான உறுதியான தொடர்பு வேறோர் இடத்தில், திசு ஆய்வகத்தின் மேசைமேல், இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உலோகமும் கந்தகமும்

1963-இல் ரால்ஃப் பியர்சன் முன்வைத்த வன்மை–மென்மை அமில காரக் கோட்பாடு இங்குத் துணைபுரியும். மக்னீசியம், கால்சியம் போன்ற வன் அயனிகள் ஆக்சிஜனை நாடுகின்றன. ஆகவே அவை ஃபாஸ்ஃபேட், கார்பாக்சிலேட் தொகுதிகளோடு பிணைகின்றன. பாதரசம், காட்மியம் போன்ற மென் அயனிகள் கந்தகத்தை நாடுகின்றன. உயிரணுவில் கந்தகம் மிகுதியாகக் கிடைக்கும் இடம் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் தயோல் தொகுதி ஆகும். தயோல்களுக்கு முன்னர் வழங்கிய மெர்காப்டன் என்னும் பெயரே பாதரசத்தைப் பற்றிக்கொள்வது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. வேதியியலார் உயிரணுவை அறியுமுன்னரே இப்பற்றினை அறிந்து பெயரிட்டிருந்தனர்.

உயிரணுவிற்குள் நுழையும் கன உலோகம் முதலில் எதிர்கொள்வது குளூட்டாதயோனை. ஒரு லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிமோல் வரை செறிவுடைய இச்சிறு மூலக்கூறு தன் தயோல் தொகுதியால் உலோகத்தைப் பற்றி வெளியேற்ற உதவுகிறது. இரண்டாவது அரண் மெட்டலோதயோனின். 1957-இல் மார்கோஷஸ், வாலீ ஆகியோர் குதிரையின் சிறுநீரகப் புறணியிலிருந்து காட்மியம் பிணைந்த நிலையில் இப்புரதத்தைப் பிரித்தனர். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களே கொண்ட இதில் 20 சிஸ்டீன்கள் உள்ளன. ஏழு இருஇணைதிற அயனிகளை இது தாங்கவல்லது. ஆயினும் இவ்வரணுக்கு ஒரு விலை உண்டு. மெட்டலோதயோனினோடு பிணைந்த காட்மியம் சிறுநீரகத்தில் தேங்கி, பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே தங்கிவிடுகிறது. ஜப்பானின் டொயாமா மாநிலத்தில், ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் நெல்வழியே காட்மியம் உண்ட மக்களிடம் தோன்றி, 1968-இல் அரசால் மாசு நோயென ஏற்கப்பட்ட இத்தாய்-இத்தாய் நோய், இத்தேக்கத்தின் நீண்டகால விளைவு.

அரண்களைக் கடந்த உலோகம் இருவழிகளில் கேடு செய்கிறது. ஒன்று, உருமாறி நுழைதல். ஆர்சனேட் அயனி ஃபாஸ்ஃபேட்டை ஒத்திருக்கிறது. குரோமேட் அயனி சல்ஃபேட்டை ஒத்திருக்கிறது. ஆதலின் அவற்றிற்கான கடத்திகள் வழியே இவை உட்புகுகின்றன. மெத்தில் பாதரசம் சிஸ்டீனோடு பிணைந்து மெத்தியோனின் போலத் தோற்றம் கொண்டு, அமினோ அமிலக் கடத்தி வழியாக மூளையின் குருதித் தடுப்பையும் தாண்டுகிறது. 1956-இல் வெளிப்பட்ட மினமாட்டா நோயின் நரம்புக் கேடுகள் இவ்வாறு விளைந்தவையே. மற்றொன்று, இடங்கொள்ளல். ஹீம் ஆக்கத்தில் பங்கேற்கும் அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரட்டேஸ் நொதியில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தைக் காரீயம் பிடித்துக்கொள்வதால் நொதி செயலிழக்கிறது. மூவிணைதிற ஆர்சனிக் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் தொகுதியின் லிப்போயிக் அமிலத்திலுள்ள இரு கந்தகங்களையும் ஒருசேரப் பற்றி ஆற்றலாக்கத்தை முடக்குகிறது.

டி.என்.ஏ. செப்பனிடும் புரதங்களுக்கு நேர்வதே இக்கட்டுரைக்கு மிக அண்மையானது. அவற்றுட் பல துத்தநாக விரல் எனப்படும் அமைப்பைக் கொண்டவை. நான்கு சிஸ்டீன்களோ, மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடினுமோ ஒரு துத்தநாக அயனியைச் சூழ்ந்து நின்று அப்புரதத்தின் மடிப்பைத் தாங்குகின்றன. மூன்று பிணைப்புகளை உண்டாக்கும் ஆர்சனைட், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிஸ்டீன்களைக் கொண்ட விரல்களையே தேர்ந்து தாக்குகிறது. பார்ப்-1 என்னும் செப்பனிடும் நொதி இவ்வகையால் பாதிக்கப்படுவது. குறைந்த அளவு காட்மியம் ஈஸ்ட் உயிரணுக்களில் பிழையிணை திருத்தத்தைத் தடுப்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்மியம் டி.என்.ஏ.வை நேரடியாக வெட்டுவதைவிட, வெட்டுகளைச் சீராக்குவோரைச் செயலறச் செய்வதே மிகுதி எனலாம். குரோமியம் இதற்கு மாறானது. ஆறிணைதிற நிலையில் நுழையும் அது அஸ்கார்பேட், குளூட்டாதயோன் ஆகியவற்றால் உள்ளேயே ஒடுக்கப்பட்டு, மூவிணைதிறக் குரோமியமாகி டி.என்.ஏ.வோடு நேரடியாகப் பிணைகிறது.

லிம்ஃபோமாவிற்குக் கன உலோகங்கள் காரணமா?

நிணநீரணுக்களிலும் துத்தநாகத்தைச் சார்ந்த அமைப்புகள் முதன்மையானவை. டி-நிணநீரணுவில் சி.டி.4 ஏற்பியின் இரு சிஸ்டீன்களும் எல்.சி.கே. நொதியின் இரு சிஸ்டீன்களும் ஒரு துத்தநாக அயனியை நடுவில் வைத்துக் கொளுவி போலப் பூட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டி இணைக்கும் ராக்-1 புரதத்திலும் துத்தநாகப் பிணைப்பிடங்கள் உள்ளன. இத்தகைய செய்திகளை அடுக்கி, ஆகவே கன உலோகங்கள் நிணநீரணுப் புற்றை விளைவிக்கும் என்று முடிப்பது எளிது. ஆனால் ஒரு செயல்முறை இயலக்கூடியது என்பது வேறு. மனிதரிடம் அது நோயாக நிகழ்கிறது என்பது வேறு.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆர்சனிக், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவற்றை மனிதருக்குப் புற்று விளைவிப்பன என்னும் முதல் தொகுதியில் வைத்துள்ளது. ஆனால் போதிய சான்றுள்ளதாக அது கூறும் உறுப்புகள் நுரையீரல், தோல், சிறுநீர்ப்பை, மூக்குக் குழி போன்றவையே. லிம்ஃபோமா அவற்றுள் இல்லை. இதனோடு லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லியை ஒப்பிட்டு நோக்கலாம். அதனை 2015-இல் முதல் தொகுதியில் சேர்த்தபோது, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமாவிற்குப் போதிய சான்று உண்டென்றே அம்முகமை குறித்தது. எப்ஸ்டீன்–பார் வைரஸ், எச்.டி.எல்.வி.-1 வைரஸ், ஹெலிகோபாக்டர் பைலோரி நுண்ணுயிர், நோயெதிர்ப்பாற்றல் குன்றுதல் ஆகியவை லிம்ஃபோமாவோடு கொண்டுள்ள தொடர்பும் நன்கு நிறுவப்பட்டது. இவ்வரிசையில் பாதரசத்தையோ காட்மியத்தையோ இன்றைய நிலையில் வைத்தல் பொருந்தாது.

ஆர்சனிக் பற்றி இங்கு ஒரு சொல். 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் கடும் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுக்கு ஆர்சனிக் டிரையாக்சைடைப் பயன்படுத்தத் தொடங்கினர். 2000-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதனை ஏற்றது. அந்நோயை இயக்கும் கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியிலுள்ள சிஸ்டீன்களோடு ஆர்சனிக் நேரடியாகப் பிணைவதும், அதனால் அப்புரதம் சிதைக்கப்படுவதும் பின்னர் தெளிவாயின. சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாடாணம் எனப்படுவதும் இச்சேர்மமே. எனினும், இலக்கு மூலக்கூறும் அளவும் தூய்மையும் செலுத்தும் வழியும் வரையறுக்கப்பட்ட ஒரு மருந்தின் வெற்றியை வேறெந்த ஆர்சனிக் பயன்பாட்டிற்கும் சான்றாகக் காட்டுவது முறையன்று. நச்சாவதும் மருந்தாவதும் ஒரே கந்தகப் பிணைப்பால்தான் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

மூலக்கூற்று நோயறிதல் எதனைத் தேடுகிறது?

வீங்கிய நிணநீர்க் கணு ஒன்று காசநோயால் வீங்கியிருக்கலாம், வைரஸ் தொற்றால் வீங்கியிருக்கலாம், லிம்ஃபோமாவாகவும் இருக்கலாம். காசநோய் பரவலாயுள்ள இந்தியாவில் இவ்வேறுபாடு அன்றாடச் சிக்கல். நுண்ணோக்கியும் எதிர்ப்பொருள் சாயமிடலும் பெரும்பாலான நேர்வுகளில் விடை தந்துவிடும். விடை தராத நேர்வுகளிலேயே மூலக்கூற்று முறைகளின் தேவை எழுகிறது.

அவற்றின் அடிப்படை வினா எளியது: இந்நிணநீரணுக்கள் பலவற்றின் கூட்டமா, ஒன்றின் வழித்தோன்றல்களா? பி-நிணநீரணு ஒவ்வொன்றும் வளர்ச்சியின்போது தன் எதிர்ப்பொருள் மரபணுவின் வி, டி, ஜே துண்டுகளைத் தனக்கேயுரிய முறையில் வெட்டி இணைத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் மரபணுக்கள் இவ்வாறு மாற்றியமைக்கப்படுவதை வெளிப்படுத்திய சுசுமு டொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். துண்டுகள் சேரும் சந்தியில் சில கார இணைகள் நீங்கியும் புதியன செருகப்பட்டும் விடுவதால், சந்தியின் நீளமும் வரிசையும் அணுவுக்கு அணு வேறுபடும். தொற்றுக்கு எதிராகத் திரண்ட கணுவில் பலநூறு வகைச் சந்திகள் கலந்திருக்கும். லிம்ஃபோமாவில் ஒரே சந்தி மேலோங்கும். இதுவே குளோன் தன்மை.

தொடக்கத்தில் இதனைக் காண, 1975-இல் எட்வின் சதர்ன் வகுத்த ஒற்றுமுறை பயன்பட்டது. அதற்குச் சிதையாத டி.என்.ஏ. மிகுந்த அளவில் தேவை. ஆதலின் உறைய வைத்த திசுவே வேண்டியிருந்தது. பாலிமரேஸ் தொடர்வினை எனப்படும் பி.சி.ஆர். வந்தபின் பாரஃபின் கட்டியிலிருந்தும் சோதிக்க முடிந்தது. 2003-இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் இணைந்து வெளியிட்ட பயோமெட்-2 பிரைமர் தொகுதி இதற்கு ஒரு பொதுத்தரத்தை அளித்தது. கன இழை மரபணுவின் மூன்று சட்டகப் பகுதிகளிலிருந்து தொடங்கும் பிரைமர்கள் முறையே ஏறத்தாழ 310–360, 250–295, 100–170 கார இணை நீளமுள்ள துண்டுகளைத் தருகின்றன. அவற்றை நீளப்படி பிரித்தால், கலப்புக் கூட்டம் மணிவடிவக் குன்றாகவும் குளோன் ஒற்றைக் கூர்முகடாகவும் தோன்றும்.

இத்தொகுதியில் பலரும் போதிய கவனம் செலுத்தாத ஓர் உறுப்பு கட்டுப்பாட்டு மரபணு ஏணி. 100, 200, 300, 400, 600 கார இணை நீளத் துண்டுகளை ஒருங்கே பெருக்கி, கையிலுள்ள டி.என்.ஏ. எந்நீளம் வரை முழுமையாக உள்ளது என்பதை அது சொல்லிவிடும். ஏணியில் 200-க்கு மேல் எதுவும் தோன்றாத மாதிரியில் முதற்சட்டகச் சோதனை எதிர்மறையாக வருமாயின், அவ்விடைக்குப் பொருளே இல்லை.

குளோன் தன்மைக்கு அடுத்தது குரோமோசோம் இடமாற்றம். 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம் நுண்ணறை லிம்ஃபோமாக்களின் பெரும்பாலானவற்றில் காணப்படுகிறது. அதனால் பி.சி.எல்.-2 மரபணு மிகைப்பட வெளிப்பட்டு அணுவின் இயல்பான இறப்பைத் தடுக்கிறது. மேலுறை அணு லிம்ஃபோமாவில் 11-ஆம், 14-ஆம் குரோமோசோம்களும், பர்கிட் லிம்ஃபோமாவில் பெரும்பாலும் 8-ஆம், 14-ஆம் குரோமோசோம்களும் இடம் மாற்றிக்கொள்கின்றன. முறிவிடங்கள் பரந்து சிதறிக் கிடப்பதால் பி.சி.ஆர். இவற்றுட் பலவற்றைத் தவறவிடும். ஒளிரும் ஆய்விகளைக் கொண்டு உட்கருவிலேயே காணும் ஃபிஷ் முறை நம்பத்தக்கது. ஒற்றை எழுத்துப் பிறழ்வுகளும் உண்டு. வால்டன்ஸ்ட்ரோம் நோயில் எம்.ஒய்.டி.88 புரதத்தின் 265-ஆம் இடத்தில் லூசினுக்குப் பகரமாகப் புரோலின் அமைவது 2012-இல் வெளியிடப்பட்டு, இன்று அந்நோயறிதலில் வழக்கமான சோதனையாகிவிட்டது.

நுண்ணுணர்வு மிக்க பி.சி.ஆர். கொண்டு தேடினால், நோயற்ற பெரியவர்கள் பலரின் குருதியிலும் 14–18 இடமாற்றமுடைய அணுக்கள் ஒரு சில தென்படுகின்றன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு லிம்ஃபோமா வருவதில்லை. ஆகவே மூலக்கூற்று அடையாளம் நோய் அன்று. திசுவின் தோற்றத்தோடு வைத்தே அதனைப் படிக்கவேண்டும். அத்தோற்றத்தைத் தெளிவாகக் காண்பதற்காகத்தான் பாதரசம் ஆய்வகத்திற்குள் வந்தது.

பாதரச நிலைப்படுத்திகள்

உடலிலிருந்து எடுத்த திசு அழுகாமலும் உருக்குலையாமலும் இருக்க அதன் புரதங்களை இருந்த இடத்திலேயே உறையச் செய்தல் நிலைப்படுத்தல் எனப்படும். ஃபார்மலின் இதற்குப் பொதுவானது. எனினும் நிணநீர்க் கணுவில் நோயறிதல் முழுவதும் உட்கருவின் வடிவம், குரோமட்டினின் இழைமை, உட்கருமணியின் அளவு ஆகியவற்றைச் சார்ந்தது. ஃபார்மலினில் இவை சற்று மங்கலாகவே தெரியும். மெர்குரிக் குளோரைடு கலந்த நிலைப்படுத்திகளில் உட்கரு செதுக்கியது போலத் தெரியும். ஆதலின் சென்கர் கரைசலும், பின்னர் பி-5 எனப்பட்ட கரைசலும் நிணநீர்க் கணுக்களுக்கும் எலும்பு மச்சைக்கும் விரும்பப்பட்டன. சென்கர் கரைசலில் ஏறத்தாழ 5 விழுக்காடு மெர்குரிக் குளோரைடும் 2.5 விழுக்காடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் உண்டு. நச்சியலார் அஞ்சும் இரு உலோகங்கள் ஒரே குடுவையில்! பி-5 கரைசல் மெர்குரிக் குளோரைடும் சோடியம் அசிட்டேட்டும் கொண்டது. பயன்படுத்தும் வேளையில் ஃபார்மலின் சேர்க்கப்படும்.

உட்கரு அவ்வளவு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் மேலே கண்ட கந்தகப் பிணைப்பே. பாதரசம் புரதங்களின் தயோல் தொகுதிகளில் பற்றி, அவற்றை விரைந்து உறையச் செய்கிறது. உயிருள்ள அணுவில் நொதிகளை முடக்கும் அதே வினை, எடுத்த திசுவில் வடிவத்தைக் காக்கிறது. உயிருக்கு எது நஞ்சோ அதுவே உருவத்திற்குக் காப்பாயிற்று.

பாதரசம் புரதத்தோடு நின்றுவிடுவதில்லை. டி.என்.ஏ.வின் தைமின் காரங்கள் இரண்டினிடையே நின்று அவற்றைப் பாலம்போல் இணைக்கவும் அது வல்லது. பாதரசம் உள்ளவிடத்துப் பாலிமரேஸ் நொதி தைமினுக்கு எதிரே தைமினையே இணைப்பதுண்டு என்பதும் சோதனையில் காட்டப்பட்டுள்ளது. பி.சி.ஆர். நொதிகள் மக்னீசிய அயனியின் துணையாலேயே இயங்குபவை. அதனிடத்தில் மாங்கனீசை மிகுவித்தால்கூடப் பிழைகள் பெருகும். இத்தகைய நுண்மையான உலோகச் சமநிலையைச் சார்ந்த வினைக்குப் பாதரசத்தில் ஊறிய திசு ஏற்றதன்று. 1990-களின் தொடக்கத்தில் நிலைப்படுத்திகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், சென்கர், பி-5 ஆகியவற்றில் இடப்பட்ட திசுக்களிலிருந்து பெருக்கம் கிடைப்பது அரிது என்றே கண்டன. ஃபார்மலின் திசுவில் குறுகிய துண்டுகளேனும் தேறின.

போலிக் குளோன் என்னும் இடர்

சோதனை தோற்றுப்போவது அவ்வளவு பெரிய தீங்கன்று. மீண்டும் திசு எடுக்கலாம். சோதனை பாதி வெற்றிபெறுவதே தீங்கு. கட்டியில் ஆயிரக்கணக்கான நிணநீரணுக்கள் இருந்தும், அவற்றுள் மிகச் சிலவற்றின் டி.என்.ஏ. மட்டுமே பெருக்கத்தக்க நிலையில் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பி.சி.ஆர். அச்சிலவற்றையே கோடிக்கணக்காகப் பெருக்கும். விளைவு, குன்றுக்குப் பகரமாக ஒன்றிரண்டு கூர்முகடுகள். காண்பவர்க்கு அது குளோன் போலவே தோன்றும். இதனைப் போலிக் குளோன் தன்மை என்பர். காசநோயால் வீங்கிய கணுவைக் கொண்ட ஒருவர்க்கு, வேண்டாத வேதி மருத்துவம் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பு இவ்விடத்தில் உள்ளது.

இதற்குக் காப்பு எளியதே. ஒரே மாதிரியை இருமுறையோ மும்முறையோ தனித்தனியே பெருக்கிப் பார்த்தல் வேண்டும். உண்மைக் குளோனாயின் அதே நீளத்தில் அதே முகடு ஒவ்வொரு முறையும் எழும். போலியாயின் முகடுகள் முறைக்கு முறை இடம்பெயரும். செலவு கருதி ஒற்றை வினையோடு அமையும் ஆய்வகங்களின் அறிக்கைகளை ஏற்பதில் தயக்கம் தேவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஃபார்மலினும் முற்றிலும் குற்றமற்றதன்று. நெடுநேரம் ஊறிய திசுவில் சைட்டோசின் யுராசிலாகச் சிதைந்து, வரிசைப்படுத்தும்போது இல்லாத பிறழ்வை இருப்பதாகக் காட்டும். யுராசிலை நீக்கும் நொதியை முன்கூட்டி இடுவதால் இதனைப் பெரிதும் குறைக்கலாம்.

பாதரசக் கழிவை அகற்றும் சிக்கலும், பணியாளர் நலன் குறித்த அக்கறையும், மூலக்கூற்றுச் சோதனைகளின் பெருக்கமும் சேர்ந்து பி-5-ஐப் படிப்படியாக விலக்கின. அதனிடத்தில் துத்தநாக உப்பு கலந்த ஃபார்மலின் வந்தது. உயிரணு தன் புரதங்களை மடிக்கத் தானே தேர்ந்துகொண்ட உலோகத்திடமே நோயியலாளரும் திரும்பினர் என்பது நயமானது. அதன் உட்கருத் தெளிவு பாதரசத்தினுடையதை முற்றும் எட்டுவதில்லை என்னும் மூத்த நோயியலாளர்களின் குறை இன்றும் கேட்கிறது. ஆயினும் அது டி.என்.ஏ.வை விட்டுவைக்கிறது.

கொடுக்கிணைப்பிகளும் உலோக அடையாளங்களும்

இரு துறைகளும் கைகோக்கும் மற்றோரிடம் இ.டி.டி.ஏ. என்னும் கொடுக்கிணைப்பி. காரீய நஞ்சேற்றத்திற்கு அதன் கால்சிய உப்பு மருந்து. குருதி மாதிரிக் குழாய்களில் அது உறைவெதிர்ப்பி. டி.என்.ஏ. கரைசலில் மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டு, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளைச் செயலறச் செய்வதும் அதுவே. எலும்பு மச்சைத் துண்டின் சுண்ணத்தை அமிலத்தால் கரைத்தால் டி.என்.ஏ. சிதையும், இ.டி.டி.ஏ.வால் மெல்லக் கரைத்தால் தேறும். குருதியை ஹெப்பாரின் குழாயில் எடுத்தனுப்புவது பி.சி.ஆரைத் தடுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

உலோகங்களை அடையாளப் பொருளாகவே ஆளும் முறை நிறை அணுவளவியல். எதிர்ப்பொருள்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு லாந்தனைடு ஐசோடோப்பைப் பிணைத்து, அணுக்களை ஆர்கான் பிளாஸ்மாவில் எரித்து, வெளிவரும் அயனிகளை எண்ணுவதே இதன் நெறி. ஓர் அணுவில் ஏறத்தாழ 40 புரதங்களை ஒருங்கே அளக்கலாம். லிம்ஃபோமா ஆராய்ச்சியில் பயன்படும் இது அன்றாட நோயறிதலுக்கு இன்னும் பரவவில்லை. குருதியில் காரீயத்தையும் காட்மியத்தையும் அளக்கும் கருவியின் உறவுக் கருவியே இது. அதனால், சோப்பினால் கழுவிய கண்ணாடிக் கலத்தில் ஒட்டியிருக்கும் பேரியம்கூட அளவீட்டைக் குழப்பிவிடும். இம்முறையில் இறந்த அணுக்களைப் பிரித்தறியச் சிஸ்பிளாட்டின் பயன்படுகிறது. சவ்வு சிதைந்த அணுவிற்குள் விரைந்து நுழையும் பிளாட்டினம் புரதங்களின் தயோல் தொகுதிகளில் பிணைந்து அதனைக் குறித்துவிடுகிறது. மீண்டெழுந்த லிம்ஃபோமாவிற்குத் தரப்படும் கூட்டு மருந்துகளுள் ஒன்றாகவும் சிஸ்பிளாட்டின் விளங்குகிறது. அங்கு அது பற்றுவது டி.என்.ஏ.வின் குவானின் காரங்களை.

பழைய கட்டிகளைக் கையாளுதல்

பல மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் துறைகளில் பல பத்தாண்டுகளின் பாரஃபின் கட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு அவை வளமான மூலம். ஆனால் எந்நிலைப்படுத்தியில் அத்திசு இடப்பட்டது என்னும் குறிப்பு பழைய பதிவேடுகளில் எப்போதும் இருப்பதில்லை. பாதரசம் கண்ட திசுவில் கரும்பழுப்புத் துகள்கள் படிந்திருக்கும். அவற்றை அயோடினாலும் பின்னர் தயோசல்ஃபேட்டாலும் நீக்கியபின்பே சாயமிடுவது வழக்கம். ஆகவே கட்டியிலிருந்து புதிதாக ஒரு வெட்டினை எடுத்து, அயோடினில் இடாமல் நுண்ணோக்கியில் காண்பது முதற்படியாகலாம். துகள்கள் தென்படின் அக்கட்டியைக் குளோன் தன்மைச் சோதனைக்குத் தேர்வதைத் தவிர்த்தல் நன்று. வெட்டுக் கழிவையும் பாதரசக் கழிவாகவே அகற்றல் வேண்டும். துகள்கள் தென்படாமை பாதரசம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. திசு பதப்படுத்தும்போதே அயோடின் கலந்த ஆல்கஹாலில் அவை நீக்கப்பட்டிருக்கலாம். அந்நிலையில் கட்டுப்பாட்டு மரபணு ஏணியை முதலில் ஓட்டி, அது எட்டும் நீளத்திற்கு உட்பட்ட பிரைமர்களை மட்டுமே தேர்ந்து, ஒவ்வொரு மாதிரியையும் இருமுறையேனும் பெருக்கி, ஏணியின் படத்தையும் முடிவுகளோடு சேர்த்தே ஆய்வேட்டில் வெளியிடுதல் வேண்டும்.